அக்கா கொண்டுவந்த ஏர் ரைபிள்

ஏர் ரைபிள் ரிப்பேர் செய்கிற அவனுக்குத் துப்பாக்கி சுடும் சங்கத்துக்காரர்கள் வைத்த பெயர் நத்தை. குறி தப்புகிறது என்று துப்பாக்கியை நீட்டுகிறவர், குறி பார்க்கிற ஸ்கோப்பின் டயலில் கை வைத்தால் போச்சு, எரிந்து விழுவான். "முதல்ல கையை எடுங்க சார்! ஒரு குண்டு தப்பினா உடனே திருகுறதா? துப்பாக்கியோட மரக்கட்டையில ஸ்க்ரூ ஆடுதா, ஸ்கோப்பைப் பிடிச்சிருக்கிற கிளாம்ப் ஆடுதான்னு பாருங்க. அப்புறம் அஞ்சாறு குண்டு சுடுங்க. எல்லாம் ஒரே இடத்துல விழுந்தாதான் டயலுக்கே போகணும்." அவசரக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே காத்திருப்பார்கள். அவன் பார்த்த துப்பாக்கி அதே கோளாறோடு திரும்பி வந்ததாகச் சரித்திரமே கிடையாது.

அவனுடைய அக்கா தையல் கடையில் நாளெல்லாம் மிஷின் மிதிப்பவள். ஞாயிறானால் சங்கத்தில் சுடுவாள். அந்த வருஷம் சங்க அணியில் ஒரே ஓர் இடம் காலி. அடுத்த வருஷம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இதை விட்டால் கிடையாது.

அந்த இடத்துக்கான போட்டிக்கு முந்தின நாள் தம்பியின் கடைக்கு வந்தாள். "டேய், குண்டு இடப்பக்கமா போகுதுடா. என்னன்னு பாரேன்."

கடையில் கூட்டம். நம்ம அக்காதானே என்று நினைத்தான் பாருங்கள், அங்கேதான் சனியன் பிடித்தது. பின்கட்டுக்குப் போய் ஒரு குண்டு சுட்டான், டயலைத் திருகினான். இன்னொன்று சுட்டான், மறுபடி திருகினான். அடுத்தது நடுவில் விழுந்தது. "அவ்வளவுதான்க்கா, கிளம்பு. ஆளுங்க காத்திருக்காங்க." தம்பியே பார்த்துவிட்டான் என்ற நிம்மதியோடு அவள் போனாள்.

மறுநாள் போட்டியில் முதல் குண்டு நடுவில் விழுந்தது. அடுத்தது இடப்பக்கம், அதற்கடுத்தது வலப்பக்கம், அப்புறம் கண்டமேனிக்கு. பார்வையாளர்களுக்குக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற தம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. டயல் கோளாறென்றால் எல்லாம் ஒரே பக்கமல்லவா போகும்! ஓடிப்போய்ச் சொல்லவும் வழியில்லை, சுடும்போது யாரும் கிட்டே போகக் கூடாது. அக்காவோ தன் கையைத்தான் சந்தேகப்பட்டாள். உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்துச் சுட்டாள். அந்த இடம் வேறொருத்திக்குப் போயிற்று.

முடிந்ததும் துப்பாக்கியை வாங்கி மரக்கட்டையைத் தடவினான். முன் ஸ்க்ரூ விரல் நுனிக்கே சுற்றியது. யார் வந்தாலும் அவன் முதலில் தொடுகிற ஸ்க்ரூ அது.

"அக்கா, உன் கை மேல தப்பே இல்ல. நான்தான் இதைப் பார்க்கல. ஐயோ, என்னைச் செருப்பால அடிக்கணும்!"

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை. துப்பாக்கியை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"விடுடா. நான் வேற யாராவதா வந்திருந்தா, காக்க வச்சாவது ஒழுங்கா பார்த்திருப்பேல்ல?"