சலீம் ஊற்றிய சிவப்புக் கூலன்ட்

ஷார்ஜாவில் இருபத்தொரு வருடம் வண்டி வேலை பார்த்த முகம்மது சலீமின் கைக்கு ஒரு நாளும் பித்தளை ரேடியேட்டர் வந்ததில்லை. வரவில்லை என்பது அவருக்கே தெரியாது. வராத ஒன்று வரவில்லை என்று யாருக்குத் தோன்றும்?

அந்த ஊரில் வண்டிக்குப் பத்து வயது ஆவதற்குள் கைமாற்றிவிடுவார்கள். ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்ததெல்லாம் புது வண்டிகள். கடையநல்லூர் தறிக்காரர் ஒருவரின் மகன், பத்தாம் வகுப்பு வரை படித்தவர், எந்த கோர்ஸுக்கும் போகாமல் அங்கே தலைமை மெக்கானிக் ஆனதற்குக் காரணம் ஒரு பழக்கம். டப்பாவின் மேல் எழுதியிருப்பதை முழுக்கப் படிக்காமல் மூடியைத் திறக்கமாட்டார். புரியாத ஆங்கில வார்த்தையைச் சிகரெட் அட்டையில் எழுதிவைத்துக்கொண்டு மலையாளி போர்மேனிடம் கேட்பார்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஊர் திரும்பி, தென்காசியிலிருந்து ஆய்க்குடி போகிற ரோட்டில் தகரக் கொட்டகை போட்டுக் கடை வைத்தார். ஊர்க்காரர்கள் அதைத் துபாய் கடை என்றார்கள். ஆறு மாதம் “ஷார்ஜா” என்று திருத்திப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

அந்தக் கடைக்கு வழக்கமாக வரும் வண்டிகளில் ஒன்று உமாராணியின் மாருதி 800. தொண்ணூற்றெட்டு மாடல், வெள்ளை. உமாராணி தென்காசி சார்பதிவாளர் அலுவலகத்தின் எதிரே மேசை போட்டுப் பத்திரம் எழுதுகிறவர். சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு காலும் சூம்பிவிட்டன. பிரேக், கிளட்ச், ஆக்சிலேட்டர் மூன்றையும் கையாலேயே இயக்கும்படி அந்த வண்டியை மதுரையில் மாற்றிக் கட்டியிருந்தார்கள். அவருடைய லைசென்ஸில் அந்த வண்டியின் நம்பரையும் சேர்த்து எழுதியிருந்தது. அதாவது, அந்த ஒரு வண்டியைத்தான் அவர் ஓட்டலாம். அது போனால் வேறு வண்டி வாங்கி, மாற்றிக் கட்டி, அதிகாரிகளிடம் காட்டி, லைசென்ஸை மறுபடி எழுதி வாங்க வேண்டும். முதல் தடவை அதற்கு ஒன்றரை வருடம் ஆனது. அந்த ஒன்றரை வருடமும் அவர் ஆய்க்குடியில் வீட்டோடு இருந்தார்.

போன ஐப்பசியில் வண்டி சர்வீஸுக்கு வந்தபோது சலீம் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். உள்ளே டீ நிறத்தில் தண்ணீர். உமாராணியின் அப்பா இசக்கிமணி, ரிட்டயர்டு போலீஸ் ஏட்டு, பத்தொன்பது வருடமாக குற்றாலம் புலியருவியிலிருந்து கேனில் பிடித்துவந்து ஊற்றிய தண்ணீர். நடுவில் யாரோ ஒரு மெக்கானிக், இன்ஜின் சூட்டைத் தணிக்கிற பச்சைக் கூலன்ட் கொஞ்சம் கலந்திருந்தார். சலீமுக்கு மனசு பொறுக்கவில்லை. அடிக்குழாயைத் திறந்து வடித்துவிட்டு, தன் அலமாரியில் இருந்ததிலேயே உசத்தியான சிவப்புக் கூலன்டை ஊற்றினார். ஐந்து வருடம் மாற்ற வேண்டாம் என்று டப்பாவில் போட்டிருந்தது. நல்லது செய்த திருப்தியோடு அன்று வீட்டுக்குப் போனார்.

எட்டு மாதம் கழித்து, ஆனிச் சாரல் ஆரம்பித்த வாரத்தில், உமாராணி போன் செய்தார்.

“அண்ணாச்சி, ஹீட் முள்ளு ஏறுது. இலத்தூர் விலக்குக்கிட்ட ஓரங்கட்டி ஆஃப் பண்ணிட்டேன். சிவப்புக் கோட்டைத் தொடல. தொட விடல.”

“நல்ல காரியம் செஞ்சீங்க. இனி சாவியைத் தொடாதீங்க. கயிறு கொண்டாரேன்.”

“பன்னெண்டு நாள்ல எஃப்.சி. காட்டணும். ஞாபகம் இருக்குல்லா?”

இருந்தது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பழைய வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். நின்றுபோன வண்டியை எப்படிக் காட்டுவது?

கட்டி இழுத்துவந்து, ஆறவிட்டு, மூடியைத் திறந்தார். சிவப்பு இல்லை. செங்கல் பொடியைக் கஞ்சியில் குழைத்ததுபோல ஒரு கூழ் மூடியின் அடியில் ஒட்டியிருந்தது. முதலில், சூடானதும் திறந்து தண்ணீரை விடுகிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டுப் பார்த்தார், திறந்தது. வாட்டர் பம்ப் சரி. பெல்ட் சரி. ரேடியேட்டரைக் கழற்றி மேல்வாயில் தண்ணீர் விட்டால் கீழ்வாயில் நூலாக வடிந்தது. அதைத் துணியில் சுற்றி பைக்கில் வைத்துக்கொண்டு ஏசுவடியானிடம் போனார்.

ஏசுவடியான் தென்காசியில் ரேடியேட்டர் வேலை மட்டும் பார்க்கிறவர். பஸ், லாரி, டிராக்டர் என்று கடை நிறைய வேலை. பேச நேரம் இல்லாதவர்போல இருப்பார், ஆனால் பேசுவார். மேல்தொட்டியை கேஸ் நெருப்பில் காட்டிப் பிரித்துத் திருப்பினார். குழாய் வாய்களைச் சுற்றி, ஈயப்பற்று வைத்த இடமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. பாதி வாய்கள் மூடிப்போயிருந்தன.

“என்ன பாய், இதுல என்னத்த ஊத்துனீரு?”

“நல்ல சரக்குதான் அண்ணாச்சி. அஞ்சு வருசம் தாங்குதது.”

“எட்டு மாசத்துல ஈயத்தைத் தின்னு ஏப்பம் விட்டுருக்கு. அஞ்சு வருசம் இருந்தா தொட்டியே இருக்காது.”

பட்டறையிலிருந்து அரத்தை எடுத்து, தொட்டியின் பக்கவாட்டில் கறுப்பு பெயின்டின் மேல் ஒரு இழு இழுத்தார். கீறலில் மஞ்சள் மின்னியது.

“இது என்ன?”

“பித்தளை,” என்றார் சலீம்.

“ஒட்டியிருக்கது ஈயம். உம்ம சரக்கு அலுமினியத்துக்கு உள்ளது. போதாததுக்கு, இன்ஜினுக்குள்ள பழைய பச்சை பாதி நின்னிருக்கும். ரெண்டும் சேந்து கூழாக் காச்சியிருக்கு.”

அது உண்மை. அடிக்குழாயைத் திறந்தால் ரேடியேட்டர்தான் காலியாகும். இன்ஜின் உடம்புக்குள் நிற்பது அப்படியே நிற்கும். ஷார்ஜாவில் ஒரே சரக்கின் மேல் அதே சரக்கை ஊற்றியதால் அது ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை.

ஏசுவடியான் குழாய்களுக்குள் கம்பி விட ஆரம்பித்தார். “கம்பி அடிச்சு, புதுப் பற்று வச்சுத் தாரேன். நாளை மறுநாள் வாரும். அந்தப் பிள்ளைட்ட பழைய வண்டி, குழாய் அடைச்சிட்டுன்னு சொல்லிரும். யாரு வந்து பிரிச்சுப் பாக்கப் போறா?”

“நீங்க பாத்துட்டீங்கள்லா அண்ணாச்சி.”

“நான் என்ன, மைக் போட்டா சொல்லப்போறேன்?” என்று ஏசுவடியான் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து சலீம் அந்தச் சிவப்பு டப்பாவை எடுத்து மறுபடி படித்தார். பின்பக்கம் மூன்றாவது பத்தி: அலுமினிய ரேடியேட்டர் உள்ள வண்டிகளுக்கு ஏற்றது, வேறு வகையோடு கலக்கக்கூடாது. இதே வரிகளை ஷார்ஜாவில் நூறு தடவையாவது படித்திருப்பார். அங்கே எல்லா ரேடியேட்டரும் அலுமினியம் என்பதால் அந்த வரி எதையும் தடுத்ததில்லை. தடுக்காத வரியைக் கண் படித்துவிட்டுப் போய்விடுகிறது.

மனைவி மிஸ்ரியா மீன் கழுவிக்கொண்டே கேட்டார். “அப்ப பச்சைதான் நல்லதா?”

“பச்சை பழைய காலத்துது. சிவப்பு புதுசு. அப்படித்தான் நெனச்சிருந்தேன்.”

“நல்லா நெனச்சீங்க. நான் கல்யாணத்துக்கு முந்தி எட்டு வருசம் தறிக்கு நூல் தார் சுத்துனவ. சாயத்தைப் பாத்து நூலு எத்தனாம் நம்பர்னு யாராவது சொல்லுவாகளா? உங்க வாப்பா கேட்டா சிரிப்பாக.”

சலீம் டப்பாவை மூடி மேலே வைத்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு ஆய்க்குடிக்குக் கிளம்பினார்.

வாசலில் ஏட்டையா நின்றார். இசக்கிமணியை ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். “வாரும் வே துபாய். வண்டி எந்திரிச்சிட்டா?”

உள்ளே உமாராணி ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு நகல் எழுதிக்கொண்டிருந்தார். பேனாவை மூடினார். “உக்காருங்க அண்ணாச்சி. நின்னுக்கிட்டுச் சொல்லுதவங்க பாதிதான் சொல்லுவாங்க.”

சலீம் உட்கார்ந்து முழுவதும் சொன்னார். தான் ஊற்றியது எது, ஏன் ஊற்றினோம், பின்பக்கம் என்ன எழுதியிருந்தது, பித்தளை என்று ஏன் தெரியவில்லை, எதுவும் விடாமல்.

முதலில் ஏட்டையாதான் வாய் திறந்தார். “நான் புலியருவித் தண்ணி ஊத்துனப்ப என்ன சொன்னீரு? குளிக்கத் தண்ணி வேற, இன்ஜினுக்குத் தண்ணி வேறன்னீரு.”

“அது துருவைப் பிடிச்சிருந்துச்சு ஏட்டையா. டீ மாதிரி வந்துச்சு.”

“டீயில ஓடுச்சு வே. உம்ம ரோஸ்மில்க்லதான் நின்னுபோச்சு.”

“அப்பா, சும்மா இருங்க,” என்றார் உமாராணி. அவர் முகத்தில் கோபம் இருந்ததா என்று சலீமால் கண்டுபிடிக்க முடியவில்லை. பத்திரம் எழுதுகிறவர்களின் முகம் அப்படித்தான். “சூட்டுல இன்ஜின் ஹெட் வளைஞ்சிருக்கா?”

“ஆயில்ல தண்ணி கலக்கல. நாலு சிலிண்டர் கிடையாது இதுல, மூணுதான்; மூணுலயும் கம்ப்ரெஷன் பாத்தேன், ஒண்ணுபோல இருக்கு. நீங்க உடனே நிறுத்துனதால தப்பிச்சிருக்கு. ஆனா மேடு ஏறிப் பாக்காம சத்தியம் பண்ண மாட்டேன்.”

“சரி. நீங்க கழுவுததையும் ஊத்துததையும் நான் பாக்கணும். ஆட்டோல வாரேன்.”

இரண்டு நாள் கழித்து, ஏசுவடியான் ரேடியேட்டரைத் தந்ததும், உமாராணியோடு ஏட்டையாவும் கடைக்கு வந்தார். ஆட்டோவின் பின்னால் இரண்டு பெரிய கேன்கள் இருந்தன. புலியருவித் தண்ணீர். சலீம் ஒரு கேனின் மூடியைத் திறந்து பார்த்தார். பிறகு ஒரு டம்ளரில் தன் கடை போர் தண்ணீரும் இன்னொன்றில் அருவித் தண்ணீரும் எடுத்து, இரண்டிலும் துளி சோப்பைக் கலக்கினார். போர் தண்ணீர் திரிந்து வெளுத்தது. அருவித் தண்ணீர் நுரைத்தது.

“உப்பு இல்லாத தண்ணி ஏட்டையா. இதுல பாறை மாதிரி படியாது. ஆனா துருவைத் தடுக்க ஒண்ணும் கிடையாது. அதனால ஊத்தி வைக்கதுக்கு ஆகாது. கழுவுததுக்கு ஆகும்.”

“அதைத்தான் நானும் சொல்லுதேன்,” என்றார், எதையும் சொல்லியிராத ஏட்டையா.

தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு, இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டு போல்ட்டைத் திறந்து, சலீம் தண்ணீரை விட்டார். முதலில் செங்கல் கூழ், பிறகு மங்கிய சிவப்பு, பிறகு டீ. ஏழாவது தடவைதான் கண்ணாடிபோல வந்தது. எட்டாவதாக ஒரு தடவையும் விட்டார். கேன்கள் காலியாயின. தெர்மோஸ்டாட்டையும் புதுப் பற்று வைத்த ரேடியேட்டரையும் திரும்ப மாட்டினார்.

ஊற்றுவதற்கு உதிரிபாகக் கடையிலிருந்து மூன்று டப்பா வாங்கி வைத்திருந்தார். மூன்றும் பச்சை. உமாராணி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றையும் மடியில் வைத்துப் படித்தார்.

“இதுல எந்த உலோகத்துக்குன்னே போடல. சும்மா ‘எல்லா வண்டிக்கும்’னு இருக்கு.”

“அது பச்சைச் சாயம் போட்ட தண்ணி. தள்ளி வைங்க.”

“இது பச்சை. ஆனா அஞ்சு வருசம்னு போட்டிருக்கு. உங்க சிவப்பு சொன்ன மாதிரியே.”

சலீம் வாங்கிப் பார்த்தார். உதிரிபாகக் கடையில் நின்று படித்தபோதே அவருக்கும் அது கண்ணில் பட்டிருந்தது, காட்டுவதற்காகவே வாங்கிவந்திருந்தார். “சாயம் பச்சை, உள்ள இருக்கது சிவப்போட சரக்கு. கலரை நம்புனா இதை ஊத்தியிருப்போம்.”

மூன்றாவது டப்பாவில் செம்பு, பித்தளை, ஈயப்பற்று, இரும்பு, அலுமினியம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் போட்டிருந்தது. இரண்டு வருடத்தில் மாற்ற வேண்டும் என்றும் போட்டிருந்தது. “குறைஞ்ச நாள்தான் உழைக்கும்,” என்றார் சலீம். “ஆனா இதுக்கு உள்ளது இதுதான்.” டப்பாவில் சொன்ன அளவுப்படி, பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் கலந்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து, இன்ஜினை ஓடவிட்டு, காற்றுக் குமிழி நிற்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். பாதியில் போன் அடித்தது. எடுக்கவில்லை.

பிறகு மேடு. உமாராணி ஓட்டினார், சலீம் பக்கத்தில், ஏட்டையா பின்னால். செங்கோட்டை தாண்டி, புளியரை ‘எஸ்’ வளைவில் முன்னால் ஒரு மர லாரி ஊர்ந்தது. முந்த முடியாது. முதல் கியரில் இழுத்துக்கொண்டே போக வேண்டும். இன்ஜினுக்கு அதைவிடப் பெரிய சோதனை கிடையாது. உமாராணியின் இடது கை லீவரில் இருந்தது, கண் ரோட்டில் இருந்தது. சலீம் ரோட்டைப் பார்க்கவே இல்லை. ஹீட் முள் பாதிக்கு வந்தது. பாதியைக் கொஞ்சம் தாண்டியது. ஃபேன் சுற்றத் தொடங்கும் சத்தம் கேட்டது. முள் பாதிக்கே திரும்பி, அங்கேயே நின்றது.

“என்ன சொல்லுது?” என்றார் உமாராணி, திரும்பாமல்.

“நிக்குது.”

“முள்ளா, வண்டியா வே?” என்றார் பின்னாலிருந்து ஏட்டையா.

மேலே போய் ஓரங்கட்டி, அரை மணி நேரம் ஆறவிட்டு, ரேடியேட்டருக்குப் பக்கத்தில் உள்ள பாட்டிலில் கூலன்ட் மட்டத்தைப் பார்த்தார்கள். கோட்டிலேயே இருந்தது. பற்று வைத்த இடங்களைச் சலீம் விரலால் தடவினார். ஈரம் இல்லை.

உமாராணி பையிலிருந்து பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு அட்டையை எடுத்தார். முந்தின இரவே எழுதிவைத்திருந்தார்; தேதி மட்டும் இப்போது போட்டார்.

‘மேற்படி வாகனத்தின் ரேடியேட்டரானது பித்தளையால் செய்து ஈயத்தால் பற்றவைக்கப்பட்டது. இதில் மேற்சொன்ன உலோகங்களுக்கு ஏற்றதென்று டப்பாவில் பெயர் குறித்துள்ள கூலன்ட் தவிர, நிறம் எதுவாயினும், வேறெதுவும் எக்காலத்தும் ஊற்றப்படலாகாது. அடுத்து மாற்ற வேண்டியது இன்றிலிருந்து இரண்டு வருடத்தில்.’

“கையெழுத்துப் போடுங்க அண்ணாச்சி. ஊத்துனது நீங்கதான்.”

சலீம் போட்டார். கீழே சாட்சி என்று ஒரு இடம் இருந்தது. ஏட்டையா பேனாவை வாங்கி, பதவியையும் சேர்த்து எழுதினார். அட்டையை ரேடியேட்டருக்கு மேலே இருக்கும் கம்பியில் சலீம் கட்டினார், ஃபேன் இறக்கையில் படாதபடி இரண்டு முடிச்சு போட்டு.

எஃப்.சி. அன்று சலீமும் கூடப் போனார். ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் கை லீவர்களை அமுக்கிப் பார்த்தார், விளக்கெல்லாம் போடச் சொன்னார், பானெட்டைத் திறந்தார். அட்டை கண்ணில் பட்டது. குனிந்து ஒரு தடவை படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

“இதை யாரு எழுதுனது?”

“நான்தான் சார்,” என்றார் உமாராணி, ஸ்டீயரிங்கின் பின்னாலிருந்து.

“இதுல ஏதாவது தப்பு இருக்கா சார்?” என்றார் சலீம்.

“இல்ல,” என்று பானெட்டை மூடிவிட்டு, ஐந்து வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார் இன்ஸ்பெக்டர்.

சலீமின் டூல்ஸ் பெட்டியில் மேல்தட்டில் இப்போது ஒரு சின்ன அரம் இருக்கிறது. பழைய வண்டி எது வந்தாலும், டிரைவர் என்ன சொன்னாலும், முதலில் ரேடியேட்டரின் ஓரத்தில் கறுப்பு பெயின்டைக் கொஞ்சம் கீறிப் பார்த்துவிட்டுத்தான் அலமாரியைத் திறக்கிறார்.