ஜெபம் பண்ணி வாங்கிய ஜீப்

வாங்கின வண்டியைத் திருப்பிக் கொடுப்பதற்கு எந்தப் பாரத்தை நிரப்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் சாலமோன் முதன்முதலில் என்னிடம் வந்தார். தொண்ணூற்றாறாம் வருஷம், ஜூன் மாதம். பி.காம். முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டே, வட்டாரப் போக்குவரத்து அலுவலக வாசலில் மேஜை போட்டு, வருகிறவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பெயர் மாற்றப் பாரம் உண்டு, முகவரி மாற்ற உண்டு. திருப்பிக் கொடுக்க அப்படி ஒன்றும் கிடையாது என்றேன். "அப்படியா தம்பி" என்றவர், போகாமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அன்றும் பிறகு பல நாளும் அவர் சொன்னதுதான் இது.

சாலமோனுக்கு அப்போது ஐம்பது வயது. பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் எழுத்தர். வீடு முக்கூடலுக்கு மேற்கே ஓர் ஆற்றங்கரைக் கிராமம். மனைவி ஜெபராணி அந்த ஊர்ச் சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளர். ஒரே மகள் டார்லின், இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு காலும் சூம்பிப் போனவள். கையால் சுற்றுகிற மூன்று சக்கர வண்டியில் பள்ளிக்கூடம் போய், பிளஸ் டூவில் ஆயிரத்துக்கு மேல் வாங்கினாள். பாளையங்கோட்டையில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. ஆனால் விடுதி மாடியில் இருந்தது. தினமும் போய் வரலாம் என்றால், மகளைத் தூக்கிப் பஸ்ஸில் ஏற்றிவிடுவார் சாலமோன். மூன்று சக்கர வண்டியை எந்தக் கண்டக்டர் ஏற்றுவார்? காரிலும் அது அடங்காது. பின்பக்கம் திறக்கிற ஜீப் ஒன்றுதான் தோது.

ஜூலை ஒன்றாம் தேதி வகுப்பு. அதற்குள் ஒரு ஜீப் வேண்டும். அது வழியில் நிற்காத ஜீப்பாகவும் இருக்க வேண்டும். சாலமோன் சேமநிதியில் கடன் போட்டார். அந்த வயதில் டிரைவிங் ஸ்கூலிலும் சேர்ந்தார். அப்பா கியர் மாற்றுவதைப் பார்த்தால் உரலில் நெல் குத்துவது போல இருக்கிறது என்று டார்லின் சிரிப்பாள்.

அவர் ஏமாளி இல்லை. மேலப்பாளையத்தில் பட்டறை வைத்திருந்த நூர்முகம்மதுவைக் கூட்டிக்கொண்டுதான் வண்டி பார்க்கப் போவார். நூர்முகம்மது பேச மாட்டார். சாக்கை விரித்து நேரே வண்டிக்கு அடியில் போய்விடுவார். வெளியே வந்து தலையை ஆட்டினால் அந்த வண்டி வேண்டாம். முதல் வண்டி புகை கக்கியது, இரண்டாவதில் இஞ்சின் நம்பரைச் சுரண்டியிருந்தது, மூன்றாவதில் ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுத்தது. மூன்றையும் சாலமோன் யோசிக்காமல் தள்ளினார்.

நாலாவதாக வந்தது ஜெய்சனின் ஜீப். ஜெய்சனும் சாலமோனின் சபைதான், கமிட்டியில் இருப்பவர். தூத்துக்குடிப் பக்கம் உப்பளம் இருந்தது. பச்சைப் பெயிண்ட் மினுமினுக்க ஜீப்பைக் கொண்டுவந்து கோயில் வாசலில் நிறுத்தினார். விலையும் கைக்கு அடக்கமாக இருந்தது. ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கு நூர்முகம்மது வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

அந்த ஞாயிறு காலையில் ஐயர் வந்திருந்தார். குருவானவரை அந்தச் சபைகளில் ஐயர் என்றுதான் சொல்வார்கள். ஏழெட்டு ஊருக்கு ஒரே ஐயர், மாதம் ஒரு தடவைதான் வருவார். புது வீடோ பழைய மோட்டாரோ, ஐயர் கை வைத்து ஜெபித்துத்தான் சாவி வாங்குவது வழக்கம். ஆராதனை முடிந்ததும் ஜெய்சன் எல்லாரும் கேட்கச் சொன்னார்: "சார்வாள், ஐயரு இனி அடுத்த மாசம்தான் வருவாங்க. பிள்ளைக்கு அதுக்குள்ள காலேஜு தொறந்துரும். இப்பமே ஜெபிச்சு வாங்கிருங்க."

சாலமோன் வாயைத் திறப்பதற்குள் யாரோ டார்லினைத் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். சபை முழுவதும் ஜீப்பைச் சூழ்ந்துவிட்டது. பாட்டு எடுத்தார்கள். ஐயர் பானட்டின் மேல் கையை வைத்து, நடக்க முடியாத மகளுக்கு இதைக் கால்களாகக் கட்டளையிடும் என்று ஜெபித்தபோது பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். இந்த நேரத்தில், மூன்று மணிக்கு மெக்கானிக் வருவார், அதன் பிறகு ஆமென் சொல்கிறேன் என்றா சொல்ல முடியும்? சாலமோன் ஆமென் சொன்னார். ஸ்தோத்திரக் காணிக்கை போட்டார். வீட்டுக்குப் போய்ப் பணத்தை எடுத்துவந்து கொடுத்தார். சாவி கைக்கு வந்தது.

மூன்று மணிக்கு நூர்முகம்மது வந்தார். சாவி வாங்கியாகிவிட்டது என்று தெரிந்ததும் சாக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "பெறவு என்னை எதுக்கு சார் வரச் சொன்னீய?" என்றார். ஆனாலும் சாக்கை விரித்து உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"சார், இங்கன குனிஞ்சு பாருங்க."

சாலமோன் மண்ணில் முட்டி போட்டுக் குனிந்தார். நூர்முகம்மது ஸ்க்ரூ டிரைவரை, வண்டியைத் தாங்குகிற சேசிஸ் இரும்பில் வைத்துப் பைய அழுத்தினார். நமத்த அப்பளத்தில் விரல் இறங்குவது போல அது உள்ளே இறங்கியது.

"உப்பளத்துல ஓடுன வண்டி. தெரியுத எடத்துல எல்லாம் பெயிண்டு இருக்கு. தெரியாத எடத்துல இரும்பே இல்ல."

ஜெபராணி அன்று சாயங்காலமே திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். சாலமோன் போனார். ஜெய்சன் கோபப்படவில்லை, நாற்காலி போட்டு, காப்பி வரவழைத்து, முழுக்கக் கேட்டார். "எனக்கு ஆட்சேபம் இல்ல சார்வாள். ஐயரு கை வச்சு ஜெபிச்ச வண்டியாச்சே. ஐயர்ட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கொண்டாந்து விட்டுருங்க, வாங்கிக்கிடுதேன்" என்றார்.

ஐயர் வீடு முக்கூடலில். நேரே அங்கே போனார். சாலமோனைப் பார்த்ததும் அவருக்கு அப்படியொரு சந்தோஷம். டார்லினின் ஜீப்பைப் பற்றி அன்று மத்தியானமே அடுத்த ஊர்ச் சபையில் சொன்னதாகவும், அங்கே ஒரு தாய் வெகு நேரம் அழுததாகவும் சொன்னார். சாலமோன் டீயைக் குடித்தார். மழை தள்ளிப்போவதைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். கடைசி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

"சொன்னீங்களா?" என்றாள் ஜெபராணி.

"எப்படிச் சொல்லுதது?"

 மறுநாள்தான் அவர் பாரம் தேடி வந்தது. ஒரு வாரம் கழித்து, அவருக்கு நானே பெயர் மாற்றப் பாரம் எழுதிக் கொடுத்தேன்.

நூர்முகம்மது இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் போட்டுக் கொடுத்தார். பட்டை தாங்கும், அதைத் தாங்க இரும்பு வேண்டுமே என்றார். முப்பதுக்கு மேல் போகக் கூடாது என்று கண்டிஷன். ஜூலை ஒன்றாம் தேதி ஜீப் புறப்பட்டது. பத்தொன்பது நாள் ஓடியது. இருபதாம் நாள் சுத்தமல்லிக்கு முன்னால் வாய்க்கால் பாலத்தில் பின் ஸ்பிரிங் பிய்த்துக்கொண்டு வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. யாருக்கும் அடி இல்லை. சாய்ந்த சீட்டில் கம்பியைப் பிடித்தபடி டார்லின் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். போகிற வருகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சாலமோன் சக்கரத்துக்குக் கல் தேடி அண்டை கொடுப்பதும், அது நழுவியதும் மறுபடி தேடுவதுமாக இருந்தார்.

"இன்னைக்கு லீவாப்பா?" என்றாள் டார்லின். அவர் இன்னொரு கல்லைத் தூக்கிவந்து சக்கரத்தடியில் வைத்தார்.

வெல்டிங் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் விடும். அதைப் பற்றவைத்தால் அதற்கடுத்த இடத்தில் விடும். இரண்டு நாள் ஓடினால் நாலு நாள் பட்டறையில் கிடக்கும். வேறு வண்டி வாங்க வழியில்லை. சபையில் பேச்சு வேறு மாதிரித் திரும்பியது: ஐயர் ஜெபித்த வண்டியே நிற்கிறது என்றால் அந்த வீட்டில்தான் ஏதோ குறை இருக்க வேண்டும். ஜெபராணியின் காதுபடவே ஒருத்தி சொன்னாள்.  மார்ச் மாதம் பரீட்சைக்குப் பெயர்ப் பட்டியல் போட்டார்கள். வருகை நாள் குறைந்ததால் டார்லின் பெயர் அதில் இல்லை. சாலமோன் முதல்வரைப் பார்த்துக் கெஞ்சினார். கல்லூரி விதி அப்படி, தன் கையில் ஒன்றும் இல்லை என்று அந்த அம்மாள் வருத்தத்தோடுதான் சொன்னார்கள்.

இது நடந்து இரண்டு வருஷமாகிறது. ஜீப்பை எடைக்குப் போட்டாகிவிட்டது. டார்லின் வீட்டிலிருந்தபடி பீடி சுற்றுகிறாள்; சாயங்காலம் ஒன்பது பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். சாலமோன் தினமும் காலை ஏழு மணி பஸ்ஸில் பாளையங்கோட்டைக்கு வேலைக்குப் போய் வருகிறார்.