பென்னப்பாவின் முதுகு

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். பொறியியல் படிக்கிற அண்ணன் மகள், கூடத்து டிவியில் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு வில்லன். தோளில் ஒரு வண்டி இரும்பு, கண்ணில் நீர். பேசிக்கொண்டிருந்தான். நான் அடுக்களைக்குப் போய், பால் காயும்வரை நின்று, காபி கலந்து குடித்து, அண்ணியிடம் தக்காளி விலையைப் பற்றிப் புலம்பி, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். சின்ன வயதில் அவன் அம்மாவை யாரோ கொன்றுவிட்டார்களாம்.

"சண்டை எப்பம்மா வரும்?" என்றேன்.

"இருங்க சித்தப்பா, அவனோட ஃபிளாஷ்பேக் முடியல. ரொம்ப டீப்பான வில்லன். ஃபேன்ஸ் எல்லாம் அழுதாங்க, தெரியுமா?"

வில்லனைப் பார்த்து அழுவதா? எனக்குச் சிரிப்பாக வந்தது, அப்புறம் எரிச்சலாக வந்தது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி நம்மிடம் நல்ல பெயர் வாங்கத் துடிக்கிறவன் எப்படி வில்லனாவான்? ஊரை எரிக்கிறான், எரித்த கையோடு உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிறான். நாம் கைக்குட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும்போல.

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது. வில்லனை அழவைத்து மாதச் சம்பளம் வாங்கியவன் நான்.

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள். ஈஜிபுராவில் ஒற்றை அறையில் குடியிருந்தேன். அங்கிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு டயர் கடைக்கு மாடியில், ஃபோனில் ஆடும் கேம் செய்கிற கம்பெனி இருந்தது. படி ஏறும்போது ரப்பர் வாசனை, மேலே போனால் சூடான சார்ஜர் வாசனை. இன்றைக்கும் எங்கேயாவது சார்ஜர் சூடேறி அந்த வாசனை வந்தால், ஒரு மேஜை இழுப்பறையும் அதற்குள் விதவிதமான ஃபோன்களும் என் கண்முன் வந்துவிடும். பட்டன் ஃபோன்கள். ஒன்றின் திரை தீப்பெட்டி அளவு, இன்னொன்றின் திரை அதைவிடக் கொஞ்சம் பெரிய தீப்பெட்டி. ஒரே கேமை அத்தனை மாடலுக்கும் ஏற்றபடி வெட்டித் தைப்பதுதான் எங்கள் பிழைப்பு. விலையுயர்ந்த ஃபோனில் எல்லாம் கொள்ளும். மலிவு ஃபோனில் முழு கேமுக்கும் கிடைக்கிற இடம், இன்று நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற காலை வணக்கப் படத்துக்குக்கூடக் காணாது.

எங்கள் டைரக்டர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். வெள்ளைப் பலகையைக் கண்டால் அவருக்குக் கை அரிக்கும். ஒருநாள் அதில் பெரிதாக ஒரு மண்டையோட்டை வரைந்து, பக்கத்தில் ஒரு இதயத்தையும் வரைந்து, இரண்டுக்கும் நடுவில் கோடு போட்டார். "வில்லனோட பெயின் தெரியணும். பெயின் தெரிஞ்சாத்தான் ஃபேன்ஸ் மறக்க மாட்டாங்க" என்றார். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். நான் இரண்டு முறை அடிக்கோடு போட்டேன். கதை எழுதும் வேலை என்னுடையது, பாருங்கள்.

எழுதினேன். கோபுரத்தின் உச்சியில் இருக்கும் சக்கரவர்த்தி. விளக்குகளை அணைத்து உலகத்தை இருட்டாக்குகிறவன். ஏன் அணைக்கிறான்? தம்பி துரோகம் செய்தான், காதலி போய்விட்டாள், நாய் செத்துவிட்டது. நாயை டைரக்டர் கேட்கவில்லை, அது என் சொந்தச் சரக்கு. தீப்பெட்டித் திரையில் மூன்று பக்கம் ஆங்கிலத்தில் ஓடும் அந்தச் சோகத்தை, காசு கொடுத்து கேம் வாங்கியவன் எவனும் படிக்கவில்லை. பட்டனை அமுக்கித் தாண்டிப் போனான். புத்திசாலி.

அந்தச் சக்கரவர்த்தியை வரைந்தவள் ஜெயந்தி. சிவாஜிநகரில் அவள் அப்பாவுக்குத் துணிக்கடை. பிளவுஸ் பிட், லைனிங், ஃபால்ஸ். ஆரணிப் பக்கத்திலிருந்து அவள் தாத்தா காலத்தில் வந்த குடும்பம். வாடிக்கையாளரிடம் கன்னடம், வேலையாளிடம் உருது, மகளிடம் தமிழ். அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆனால் அவள் பயந்தது டைரக்டருக்கு இல்லை, அப்பாவுக்கு. அவர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். அதை அவர் குரலிலேயே எங்களுக்குச் சொல்லிக்காட்டுவாள்:

"துணி ஓரத்த பாரு, மில்லு பேரு அடிச்சிருக்கும். பேரு இல்லாத துணிய நான் கடைக்குள்ள வுடறதில்ல. நீ பொம்மை போடறே, போடு. அதுல உன் பேர காட்டு, நான் வாயத் தொறக்கல. இல்லேன்னா சும்னே எதுக்கு அலையறே? கல்லால வந்து குந்து."

கேமின் கடைசியில் உழைத்தவர்கள் பெயரெல்லாம் வரும் ஒரு பக்கம் உண்டு. அதில் ஜெயந்தியின் பெயரும் இருந்தது. அவள் அந்தப் பக்கத்தை நம்பித்தான் தினமும் பஸ் ஏறி வந்தாள். என் பெயரும்தான் இருந்தது, ஆனால் அதைக் காட்ட எனக்கு யாரும் நிபந்தனை போட்டிருக்கவில்லை.

வெட்டும் வேலை மஞ்சுநாத்துடையது. ஆனேக்கல்லிலிருந்து வருவான். எதைச் சொன்னாலும் "இடம் இல்ல குரு" என்று ஆரம்பிப்பான். மலிவு ஃபோனுக்காக அவன் உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தபோது முதலில் போனது என் மூன்று பக்கச் சோகம். தம்பி, காதலி, நாய், எல்லாம் ஒரே வெட்டில் போயிற்று. அப்புறம் சக்கரவர்த்தியின் சிரிப்பு. அப்புறம் அவன் நடை. அப்படியும் கொள்ளவில்லை. மூஞ்சிதான் நிறைய இடம் தின்கிறது, அத்தனை நிறம் என்றான் மஞ்சு.

"அப்ப திருப்பி நிக்க வெச்சிடு. முதுகுக்கு ஒரே கலர் போதுமே" என்றாள் ஜெயந்தி.

ஒரு மத்தியானத்துக்குள் வரைந்துவிட்டாள். சுவரைப் பார்த்து நிற்கிறான். நாம் படியேறி வருகிறோம். அவன் திரும்பவில்லை. ஒரு கை மட்டும் மெதுவாக நீண்டு பக்கத்து விளக்கைத் தணிக்கிறது. நாம் ஓடிப் போய் ஏற்றுகிறோம். மறுபடியும் கை நீள்கிறது. எல்லாம் அணைந்தால் கதை முடிந்தது. நாம் வந்ததோ, குதித்ததோ, செத்ததோ அவனுக்குத் தெரிந்த மாதிரியே இல்லை. நான் அதை ஆடிப் பார்த்தேன். கழுத்தின் பின்பக்கம் சில்லென்றது. என் கதையில் மூன்று பக்கம் எழுதியும் வராதது அந்த முதுகில் இருந்தது. நம்மை ஒரு பொருட்டாகவே மதிக்காதவன்தான் வில்லன். இது தெரிய எனக்கு ஒரு மலிவு ஃபோன் தேவைப்பட்டது.

ஆனால் அந்தக் கை நீள்வதற்கான படங்களுக்கும் இடம் இல்லை. மஞ்சு தலையைச் சொறிந்தான். அந்தக் காலத்து கேமில் எழுத்துகளையும் படமாகவே வரைந்து வைக்க வேண்டும். கதை போய்விட்டதால், எழுத்து தேவைப்பட்ட இடம் இப்போது ஒன்றே ஒன்றுதான்: பெயர்ப் பக்கம்.

"ஒண்ணு கை இருக்கணும், இல்ல பேரு இருக்கணும். ரெண்டும் ஆகல்ல குரு" என்றான், என்னைப் பார்த்து. ஜெயந்தியைப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை.

"முதல் பக்கத்துல டைரக்டர் பேரு இருக்கே, அத எடு" என்றேன்.

"அது கம்பெனி லோகோ கூட சேந்த படம். தொட்டா என் வேலை போயிடும்."

ஜெயந்தி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கைய வை" என்றாள்.

"உங்க அப்பா வச்சிருக்கறது இந்த ஃபோன்தானே?" என்றேன்.

"தெரியும். கை இல்லேன்னா இவன் சும்மா சுவரப் பாத்து நிக்கற கூர்க்கா. என் பேரப் பாத்து எவனாவது பயப்படுவானா? கைய வை மஞ்சு."

கேம் வெளிவந்தது. விலையுயர்ந்த ஃபோனில் ஆடியவர்கள் என் சக்கரவர்த்தியின் சிரிப்பைக் கேட்டு, அவனை அடித்துப் போட்டு, மறந்துபோனார்கள். ஆனால் ஒருநாள் சிவாஜிநகர் பஸ்ஸில், பின்சீட்டில் இரண்டு கல்லூரிப் பையன்கள் ஒரே ஃபோனில் தலையை முட்டிக்கொண்டிருந்தார்கள். "லோ, பென்னப்பா பந்த்பிட்டா!" என்று ஒருவன் அலறினான். "ஓடாத மச்சா, விளக்க ஏத்து, விளக்க ஏத்து!" என்றான் மற்றவன். கன்னடத்தில் பென்னு என்றால் முதுகு, பந்த்பிட்டா என்றால் வந்துவிட்டான். நாங்கள் சூட்டிய லத்தீன் மாதிரியான பெயரை அவர்கள் எங்கே கண்டார்கள்? தாங்களே பெயர் வைத்துவிட்டார்கள், தெருவில் பிடிக்காத ஆளுக்கு வைக்கிற மாதிரி. நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போனேன். அவ்வளவு சந்தோஷம்.

டைரக்டருக்கும் சந்தோஷம். ஒரு ஹோட்டல் கருத்தரங்கில் மேடையேறி, அந்த வில்லன் ஏன் மனதில் நிற்கிறான் என்று விளக்கினார். அவனுடைய உள்வலிதான் காரணமாம். திரையில் காட்டியது மட்டும் முதுகுப் படம். கைதட்டினார்கள். நானும் தட்டினேன், சம்பளத் தேதி பக்கத்தில் இருந்தது.

அந்த வாரமே ஜெயந்தி என்னையும் கடைக்குக் கூட்டிப் போனாள், துணைக்கு. கஞ்சி போட்ட புதுத்துணி வாசனை. அவள் அப்பா ஒரு கையில் கத்தரிக்கோலும் மறு கையில் ஃபோனுமாக ஆடிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு அம்மாவுக்கு லைனிங் கிழித்துக் கொடுத்தார். கோபுர உச்சிக்கு வந்ததும் குனிந்துகொண்டார். "யாருமா இவன்? நான் ஒருத்தன் வந்து நிக்கறேன், திரும்பிக்கூட பாக்க மாட்டேங்கறான்! திமிரு புடிச்சவன்." தோற்றார். மறுபடி ஆடினார். ஜெயந்தியின் முகத்தை அன்றைக்குப் போல நான் பிரகாசமாகப் பார்த்ததில்லை. கடைசியில் ஜெயித்தார். திரை அணைந்து முதல் பக்கத்துக்குப் போய்விட்டது.

"உன் பேரு எங்கம்மா?"

"இந்த ஃபோன்ல இடம் பத்தலப்பா."

அவர் முதல் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மொதலாளி பேருக்கு இடம் இருந்துச்சா?" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார், அதுதான் தாங்கவில்லை. நான் குறுக்கே விழுந்து, வேறு ஃபோனில் பெயர் வருகிறது, இந்தக் கைக்காகத்தான் இதில் விட்டுக்கொடுத்தாள் என்று எதையெதையோ சொன்னேன். அவர் எனக்கு டீ சொன்னார். மாதம் முடிவதற்குள் ஜெயந்தி கல்லாவுக்குப் போய்விட்டாள். டைரக்டர் அவளை நிரந்தரமாக்குவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்ததும் அப்பாவுக்கு வசதியாகப் போயிற்று.

அப்புறம் தொடுதிரை ஃபோன் வந்தது. கம்பெனி போயிற்று, டயர் கடையும் போயிற்று. இழுப்பறை ஃபோன்களை எடைக்குப் போட்டதாக மஞ்சு சொன்னான். அந்த கேமை இறக்கிக்கொள்ளும் இடங்கள் மூடப்பட்டுவிட்டன. சிவாஜிநகரில் அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பை விற்கிறார்கள். துணிக்கடைக்காரர் எங்கே போனார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

அண்ணன் மகளிடம் இதையெல்லாம் சொன்னதும் அவள் இணையத்தில் தேடிப் பார்த்தாள். கேம் கிடைக்கவில்லை. ஆனால் பழைய கேம் பைத்தியங்கள் கூடுகிற ஒரு பக்கத்தில் எவனோ கேட்டிருந்தான்: சின்ன வயதில் அப்பா ஃபோனில் ஆடினேன், முதுகைக் காட்டி நின்று விளக்கணைக்கும் வில்லன், இன்னும் கனவில் வருகிறான், செய்தவரை யாருக்காவது தெரியுமா? கீழே ஏகப்பட்ட பதில்கள். அவன் ஏன் திரும்பவில்லை என்று ஆராய்ச்சி. முகம் தீயில் வெந்துபோனதாம். காதலியை இழந்த துக்கமாம். ஒருவன் அம்மாவைக்கூடக் கொன்றுவிட்டிருந்தான். அறிவுகெட்டவர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் கையிலிருந்து ஃபோனை வாங்கி நானே தட்டினேன்: முகம் வைக்க இடம் இல்லை, அவ்வளவுதான், வரைந்தவள் சிவாஜிநகர் ஜெயந்தி.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டிருந்தான்.

ஆதாரத்துக்கு என்னிடம் என்ன இருக்கிறது? முதுகு நின்ற ஃபோனில்தான் பெயர்ப் பக்கத்தை வெட்டிவிட்டோமே.