தடங்கலுக்காகக் காத்திருந்த ஞாயிறுகள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது பட்டென்று நின்று, 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று எழுத்து வந்தால் ஆம்பூரே வயிறெரிந்து திட்டும். எங்கள் அப்பா மட்டும் நிமிர்ந்து உட்காருவார்.

எண்பதுகளின் நடுவில் எங்கள் தெருவில் டிவி இருந்தது எதிர்வீட்டு ஆபா வீட்டில்தான். ஆபா என்றால் உருதுவில் அக்கா. தெருவில் கிழவர்கள்கூட அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். மெட்ராஸிலிருந்து கிளம்பும் படம் எங்கள் ஊருக்கு வந்து சேருவதற்குள் இளைத்துப்போயிருக்கும். மொட்டைமாடி ஆன்டெனாவைக் காற்று கொஞ்சம் அசைத்தால் போதும், கதாநாயகிக்கு இரண்டு மூக்கு. ஆனாலும் விளக்கை அணைத்துவிட்டு அந்த நீல வெளிச்சத்தில் பாயில் உட்கார்ந்திருப்பது, கிணற்றுத் தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து வைத்திருப்பதைப் போல இருக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் முகமெல்லாம் வேறு யாருடைய முகமோ ஆகிவிடும். பார்த்த படத்தையேதான் திரும்பத் திரும்பப் போடுவார்கள். அடுத்த வசனம் இன்னதென்று தெரிந்தே, பாதித் தூக்கத்தில் அதைக் கேட்பதில் ஒரு சுகம் இருக்கிறதே, அதைப் புதுப்படம் தருமா? தரவே தராது.

அப்பாவுக்குப் படம் முக்கியமில்லை. அவர் தோல் கம்பெனியில் டிரம் ஓட்டுபவர். அறை அளவுக்குப் பெரிய மரப்பீப்பாய் அது. உள்ளே தோலும் மருந்துத் தண்ணீரும் சேர்ந்து நாள் முழுக்க உருளும். தோல் தொழிலைப் பற்றிக் குறும்படம் எடுக்க ஒரு தடவை மெட்ராஸ்காரர்கள் கேமராவோடு வந்திருந்தார்கள். அன்றைக்குக் கம்பெனியில் இருந்த நம் மகானுபாவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? லுங்கியை மடித்துக் கட்டி வெற்றுடம்போடு வேலை பார்க்கிற அத்தனை பேரும் பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு போய் டிரம்முக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். அப்பா போட்டது கிறிஸ்துமஸுக்குத் தைத்த சட்டை. கேட்டதற்கு, "டிவில வரப்போறோம், சும்மா அப்படியே போய் நிக்க முடியுமா?" என்றார். அது தோல் கம்பெனி மாதிரியா இருந்திருக்கும், கல்யாண வீட்டு வாசல் மாதிரி இருந்திருக்கும்.

அந்தக் குறும்படத்துக்கென்று தனி நேரம் கிடையாது. தடங்கல் வரும்போது இடத்தை நிரப்பத்தான் அதைப் போட்டார்கள். முதல் தடவை அது வந்தபோது அப்பா வேலையில் இருந்தார். எங்கள் ஊரில் பல கம்பெனிகளுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு, ஞாயிறு வேலைநாள். அம்மாவும் நானும் பார்த்தோம். டிரம் சுற்றியது. வெள்ளைச் சட்டைகள் வந்தன. முதலில் மேஸ்திரி, அவருக்கு அடுத்து ஒருவர், பிறகு இன்னொருவர். வரிசை முடியும் முன்பே காட்சி மாறி, கண்ணாடி அலமாரிக்குள் பளபளவென்று பூட்ஸ் வந்துவிட்டது. வரிசையில் கடைசியாக நின்றவர் அப்பா. அவர் வரவே இல்லை.

அப்பா வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நம்ம கம்பெனி வந்துச்சாமே, ஆபா சொன்னாங்க. நான் வந்தனா?"

அந்த முகத்தைப் பார்த்து யாரால் இல்லை என்று சொல்ல முடியும்? அம்மாவால் முடியவில்லை.

"வராம? சோக்கா நின்னுனு இருந்தீங்க."

நான் வாயைத் திறந்தேன். அம்மா தொடையில் கிள்ளிய கிள்ளில் அப்படியே மூடிக்கொண்டேன்.

"சிரிச்சனா?"

"லேசா."

அவ்வளவுதான். மனிதர் கம்பெனியில் எல்லா தோஸ்துகளிடமும் சொல்லிவிட்டார். கெஞ்சிக் கூத்தாடி ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஷிப்ட் வாங்கிக்கொண்டார். சாயங்காலமானால் குளித்து, தலை சீவி, ஆபா வீட்டுப் பாயில் முதல் ஆளாக உட்கார்ந்துவிடுவார். படம் நிற்க வேண்டுமே என்று அவர் தவிப்பார். நிற்கவே கூடாது என்று அம்மா முந்தானைக்குள் விரல்களைக் கோத்துக்கொண்டு ஜெபம் பண்ணுவாள். ஒரே பாயிலிருந்து ஒரே கடவுளுக்கு இரண்டு விண்ணப்பம், அவர்தான் என்ன செய்வார், பாவம்! தடங்கல் வரும், வெறும் பூ வரும், அருவி வரும், தோல் கம்பெனி வராது. நாளாக ஆக எனக்கே குழம்பிப்போனது. கண்ணை மூடினால் வரிசையின் ஓரத்தில் அப்பா வெள்ளைச் சட்டையோடு லேசாகச் சிரித்துக்கொண்டு நின்றார். அதை டிவியில் பார்த்ததாகவே நம்ப ஆரம்பித்தேன்.

ஏலகிரிப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு ஞாயிறு. படம் நின்றது. திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைந்தது. பிறகு மெல்ல டிரம் சுற்ற ஆரம்பித்தது.

"தோ! நம்ம கம்பெனி! யாரும் பேசாதீங்க!" அப்பா முட்டி போட்டு எழுந்தே விட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மேஸ்திரி வந்தார். அடுத்தவர் வந்தார். இன்னொருவரும் வந்தார். பிறகு பூட்ஸ்.

ஆபாதான் கேட்டார். "நீ எங்கப்பா காணோம்?"

அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நீல வெளிச்சத்தில் அவர் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அம்மா மானம் போகப்போகிறது என்று நினைத்தேன்.

"இன்னா ஆபா, சரியா பாக்கலியா? மேஸ்திரிக்கு அடுத்தாப்ல நிக்கிறது யாரு? நான்தான! அந்தப் புள்ளியில இன்னா தெரியும் உங்களுக்கு?"

மேஸ்திரிக்கு அடுத்து நின்றவர் அப்பாவைவிட ஒரு சாண் குட்டை. பெரிய மீசை வேறு. "ஆமாமா, நீதான்" என்றார் ஆபா. பாயில் இருந்தவர்களும் ஆமாம் என்றார்கள். படம் மறுபடி ஓட ஆரம்பித்தது.

தூறலில் தெருவைக் கடந்து வீட்டுக்கு வந்தோம். வாசற்படி ஏறும்போது அம்மா தாங்க முடியாமல் அழுதுவிட்டாள். "ஏங்க, நான் வந்து..."

"எதுக்கு இப்ப அழுவுற?" என்றார் அப்பா. "நீ சொன்னா மாதிரியே நல்லாத்தான இருந்தேன்."