கழுவி வைத்த லோங்காங்: தெலுக் இந்தானுக்கு ஒரு சனிக்கிழமை

அன்று செலின் அக்காவிடம் நான் ஒன்றைச் சொல்லவில்லை. அவர்கள் லயத்து லோங்காங்கை, அதாவது வாசலோரச் சாக்கடையை, ஒன்பது வீட்டாரும் சேர்ந்து எனக்காகத் தேய்த்துக் கழுவி வைத்திருந்தார்கள். எனக்கு வேண்டியிருந்தது அந்த அழுக்குதான் என்பதைச் சொல்லவில்லை.

ஏன் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஈப்போவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் முதுகலை ஆய்வு செய்கிறேன். ஆண்டிபயாட்டிக் மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியாக்களை அழிக்கும் ஃபேஜ்களைத் தேடுவது என் வேலை. ஃபேஜ் என்பது பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ். பாக்டீரியா மண்டிய இடத்தில்தான் அதுவும் இருக்கும் என்பதால் சாக்கடை சாக்கடையாக அலைகிறோம். எங்கள் பட்டியலில் இருபது பாக்டீரியாக்கள். பத்தொன்பதுக்கு ஃபேஜ் கிடைத்துவிட்டது. பதினேழாம் எண்ணுக்கு மட்டும் கிடைக்கவில்லை. அது யாரோ ஒருவருடைய ஆறாத கால் புண்ணிலிருந்து வந்தது. பெயர் எங்களுக்குத் தெரியாது. ஈப்போவில் ஆறு இடங்களில் நீர் எடுத்துப் பார்த்தாயிற்று. திங்கட்கிழமைக் கூட்டத்துக்குள் ஒன்றும் கிடைக்காவிட்டால் அதை நீக்கிவிடலாம் என்றார் பேராசிரியர். எனக்கு விட மனமில்லை. கையில் ஒரு சனிக்கிழமை மீதமிருந்தது.

ஈப்போ சிலிபினில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் அந்தோணி அண்ணே வாடகைக் கார் ஓட்டுகிறார். ஒரு நாளைக்கு 200 வெள்ளி, அதாவது ரிங்கிட், பெட்ரோலும் சேர்த்து. அவருடைய அக்கா செலின், தெலுக் இந்தானுக்கு அப்பால் ஒரு தோட்டத்தின் பழைய லயத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில், குடியிருக்கிறார். முன்பு பால்மரம் என்கிற ரப்பர் நின்ற தோட்டம், இப்போது முழுக்கச் செம்பனை. தோட்ட அலுவலகத்தில் எனக்கு அனுமதியும் வாங்கித் தந்தது அந்த அக்காதான்.

காலை 7.10க்குக் கிளம்பினோம். கம்பார் தாண்டியதும் அண்ணே சொன்னார்: “அக்காவுக்கு வியாழக்கிழமையே போன் போட்டுட்டேன் லா. ஈப்போ லேப்லேருந்து வாராங்க, ஒங்க லோங்காங்க டெஸ்ட் பண்ணன்னு.”

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

லங்காப்பில் ரொட்டி சானாய் சாப்பிட்டு, பனிக்கட்டி 3 வெள்ளிக்கு வாங்கிப் பெட்டியில் நிரப்பினோம். தெலுக் இந்தான் வரை அண்ணேயின் மீட்டரில் 82 கிலோமீட்டர், அங்கிருந்து 11. கடைசி மூன்று கிலோமீட்டர் செம்மண் பாதை. 9.40க்கு லயத்தை நெருங்கும்போதே பிளீச் வாசனை கார் கண்ணாடிக்குள் வந்தது.

கொசுப்புழு இருந்தால் சுகாதார அதிகாரிகள் சமன் எழுதி அபராதம் போட்டுவிடுவார்கள். லேப், லோங்காங், டெஸ்ட் என்ற மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்தால் இங்கே அதற்கு வேறு பொருள் இல்லை. வெள்ளிக்கிழமை முழுக்கக் கோத்தோங் ரோயோங், எல்லோரும் கூடிச் செய்யும் துப்புரவு, நடந்திருக்கிறது. சிமெண்ட் வெளுத்துக் கிடந்தது. பெண்கள் தலைவாரி வாசலில் நின்றார்கள்.

“நல்லாப் பாரும்மா,” என்றார் செலின் அக்கா. “ஒரு புழு இருக்காது. மூணு போத்தல் பிளீச்சு ஊத்திருக்கு.”

“என் கல்யாணத்துக்குக் கூட நீ வீட்ட இப்படிக் கழுவல,” என்றார் அண்ணே.

“ஒன் கல்யாணத்துக்கு எவன்டா சமன் போட வந்தான்?”

பிளீச் பட்டால் ஃபேஜ் பிழைக்காது. “நான் அதிகாரி இல்லக்கா, படிக்கிற பொண்ணு,” என்றதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. இத்தனை பேர் முதுகு வலிக்கத் தேய்த்ததை வீண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு அந்தச் சுத்தமான நீரில் மூன்று புட்டி எடுத்தேன். எல்லோரும் நிம்மதியானார்கள். தே ஓ என்கிற பாலில்லாத் தேநீரும் அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பாலும் வந்தன. இரண்டாவது துண்டைச் சாப்பிடும்போதுதான் கேட்கத் தோன்றியது.

“அள்ளுன சேத்த எங்கக்கா போட்டீங்க?”

அவர் முகம் மாறியது. “ஏம்மா, அதுக்கும் எழுதுவாங்களா?”

“இல்லக்கா, சும்மாதான்.”

“மாட்டுக்கொட்டா பின்னால ஒரு குழி இருக்கு. கக்கூஸ் தண்ணியும் அதுலதான் போயி விழும். பிளீச்சு ஊத்துறதுக்கு முன்னாலயே எல்லாத்தையும் வாரி அங்க கொட்டிட்டோம். நீ அங்கல்லாம் போவாத, நாத்தம் தாங்காது.”

மாட்டைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அது பொய்யில்லை, பார்க்கவும் செய்தேன். அக்கா கன்றைப் பிடித்துக்கொண்டு நிற்க, குழியில் குனிந்து மூன்று புட்டி நிரப்பினேன். அண்ணே சட்டைக் காலரை மூக்கு வரை ஏற்றியிருந்தார்.

“இதையா என் காடில ஏத்தப் போற?”

“மூடி இறுக்கமா இருக்குண்ணே.”

“துரியான் ஏத்துனதுக்கே பொண்டாட்டி ரெண்டு நாளு பேசல.”

12.15க்குத் திரும்பக் கிளம்பினோம். அக்கா ஒரு பை மரவள்ளிக்கிழங்கு கொடுத்தார். வழியெல்லாம் செம்பனை நிழல். ஒவ்வொரு பள்ளத்திலும் புட்டிகள் மெல்ல மோதிக்கொண்டன. எனக்கு மனம் நிறைந்திருந்தது, ஒன்றும் நிச்சயமில்லை என்றாலும். அவர்கள் கழுவாமல் விட்டிருந்தால் மேலோட்டமாக ஓடும் நீரை மொண்டு திரும்பியிருப்பேன். பல மாதம் அடியில் தங்கிய சேற்றை வாரி ஓரிடத்தில் சேர்த்து வைத்தது அவர்கள்தான். இதையும் நான் சொல்லவில்லை. சொன்னால் முதலாவதையும் சொல்ல வேண்டிவரும்.

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு: அலுவலக அனுமதி இல்லாமல் தோட்டத்துக்குள் நுழையாதீர்கள். முட்டி வரை பூட்ஸ், இரண்டு ஜோடி கையுறை, மாற்றுச் சட்டை வேண்டும். வெள்ளைச் சட்டை வேண்டாம். பதினொரு மணிக்குள் மாதிரி எடுத்துவிட்டால் பனிக்கட்டி ஈப்போ வரை தாங்கும். முன்கூட்டியே போன் செய்பவர் யாராக இருந்தாலும், எதையும் கழுவ வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள். கொடுக்கும் கிழங்கை வேண்டாமென்று சொல்லாதீர்கள்.

அன்று மாலையே ஆறு புட்டியிலிருந்தும் நீர் எடுத்துப் பதினேழாம் எண்ணோடு கலந்து வைத்தேன். மறுநாள் வடிகட்டித் தட்டுகளில் இட்டேன். பாக்டீரியா வளர்ந்து தட்டு மங்கலாகும். ஃபேஜ் தின்ற இடம் மட்டும் தெளிந்த புள்ளியாகத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை செலின் அக்கா தம்பி வழியாகக் கேட்டனுப்பினார், லோங்காங் பாஸா என்று. பாஸ் என்றேன்.

திங்கள் காலை 8.45க்குத் தட்டுகளை எடுத்துப் பார்த்தேன். கழுவிய லோங்காங்கின் மூன்றிலும் ஒன்றுமில்லை. குழியிலிருந்து எடுத்த இரண்டாம் புட்டியின் தட்டில் நான்கு தெளிந்த புள்ளிகள் இருந்தன. பத்து மணிக் கூட்டத்தில் பதினேழாம் எண்ணை நீக்கவில்லை.