ஈபோவின் கறுப்புக் கால்சட்டை

என் தம்பி ஈபோ, எங்கள் துறைமுக ஊரான செகொண்டியின் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் தெருவின் உடற்பயிற்சிக் குழு சனிக்கிழமை காலையில் பாடிக்கொண்டே ஓடும். முதல் வரியை எடுத்துக்கொடுப்பவன் அவன்தான். அவன் எடுத்தால் தெருவே சேர்ந்து பாடும். அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை.

புராஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்தபின் அவன் வெளியே போகவில்லை. தினமும் நடந்தால் உடம்போடு மனமும் தேறும் என்றார் மருத்துவர். இவனோ சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். நான் வைத்த கெங்கே என்ற சோளமாவு உருண்டையும் பொரித்த மீனும் ஆறிப்போயின. நோய் போனாலும் என் தம்பி பழையபடி திரும்பமாட்டானோ என்று பயந்தேன்.

காரணம், அவன் துணியைத் துவைக்கும் எனக்குத் தெரியும். இருமினாலும் சிரித்தாலும் சிறுநீர் கசிந்தது. குழுவின் சீருடையோ வெள்ளைக் கால்சட்டை.

"கறுப்பு போட்டுக்கோயேன்டா."

"சனிக்கிழமை கறுப்பா? அன்னைக்குத்தான் ஊரே சாவுக்குக் கறுப்பு போடுது. சாவு வீட்டுக்கு ஓடுறான்னு சிரிப்பாங்கக்கா."

ஆனாலும் ஒன்று தைத்து, தேய்த்து, அவன் தலைமாட்டில் வைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை குழு எங்கள் வாசலுக்கு வந்தபோது, அவனுக்குப் பதிலாகப் பாடிய இளைஞன் ஆரின் உச்ச சுருதியில் எடுத்துவிட்டுக் குரல் உடைந்து நின்றான்.

"கீழ எடுடான்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்," என்று முனகினான் ஈபோ.

"இங்க படுத்துக்கிட்டு சொன்னா அவன் காதுல விழுமா?"

எழுந்தான். கறுப்புக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான்.

"யாருண்ணே செத்தது?" என்றான் ஆரின்.

"உன் பாட்டுதான். தள்ளு."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சட்டென்று சிரிப்பு நின்றது. கை தொடைக்குப் போனது. வீட்டைத் திரும்பிப் பார்த்தான். உள்ளே ஓடிவிடுவான் என்றே நினைத்தேன். ஓடவில்லை.

"ஆபரேஷனுக்கப்புறம் எனக்கு மூத்திரம் கசியுது. அதான் கறுப்பு. ஓட முடியாது, நடந்துதான் வருவேன்."

கடைசி வரிசையிலிருந்து, துறைமுகக் காவலாளியாக இருந்த பெரியவர் டாட்ஸி முன்னால் வந்தார்.

"கிளம்பும்போதே நான் ஒரு பாட்டில் தண்ணிய கால்சட்டை வரைக்கும் நனைய ஊத்திக்கிறேனே, எதுக்குன்னு நினைச்சே?"

"வெயிலுக்குன்னு நினைச்சேண்ணே."

"வெயில் எங்கடா வந்துச்சு இந்நேரத்துக்கு?"

ஈபோ விழுந்து விழுந்து சிரித்தான். இந்த முறை கை தொடைக்குப் போகவில்லை.

புற்றுநோய் திரும்பாமலிருக்க ஊசி போடும் வாரங்களில் இன்னும் அவன் முகம் இருண்டுதான் இருக்கிறது. ஆனால் சனிக்கிழமை எழுந்துவிடுகிறான். கடைசி வரிசையில் டாட்ஸியோடு கறுப்பில் நடந்தபடி பாட்டெடுக்கிறான். பாட்டு பின்னாலிருந்து வருவதால், முன்னால் ஓடுகிறவர்கள் அவனை விட்டு வெகுதூரம் போவதில்லை.