எனெய்டாவின் பத்தொன்பது பாட்டில்கள்

எங்கள் மலையில் எனெய்டா தேங்காய் உடைக்க உட்கார்ந்தால்தான் கிறிஸ்துமஸ் வந்ததாகக் கணக்கு. பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை அவருக்கு. லீவு விட்ட மறுநாள் தேங்காய்த் துருவியைக் கையில் எடுப்பார். மிக்சி ஆகாது. துருவிய பூவில் வெந்நீர் ஊற்றி, வெள்ளைத் துணியில் பிழிந்து, அந்தப் பாலோடு டின் பாலையும் பட்டை கிராம்பு கொதித்த தண்ணீரையும் சேர்த்து, ஜாதிக்காய் உரசி, கடைசியில் ரம்மை விடுவார். அதுதான் கொக்கிட்டோ.

அவர் விற்பதில்லை. முப்பத்தோரு வருஷமாகக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். ஒரு வீட்டுக்கு எனெய்டாவின் பாட்டில் போகவில்லை என்றால், அந்த வீட்டுக்காரர்கள் அவரிடம் என்ன தப்புச் செய்தார்கள் என்று ஊர் யோசிக்கும்.

ரம் மட்டும் கடை ரம்மாக இருக்கக் கூடாது. "அது ஆஸ்பத்திரி பஞ்சு மாதிரி வாடை அடிக்கும்" என்பார். ஓடைக்கு மேலே மோன்சே திருட்டுத்தனமாகக் காய்ச்சும் பிட்டோரோ சாராயம்தான் வேண்டும். இந்த வருஷம் மோன்சே ஆர்லாண்டோவில் இருக்கும் மகளோடு இருக்கப் போய்விட்டார். அதனால் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ ஒருவன் கொண்டுவந்த கேனை எனெய்டா வாங்கினார்.

போன வருஷப் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க நான் போயிருந்தபோது, அவர் ஒரு கரண்டி சாராயத்தில் தீக்குச்சியைக் காட்டிக்கொண்டிருந்தார். நீலமாக எரிந்தது. எங்கள் பக்கத்தில் அதுதான் சோதனை. நீலமென்றால் நல்லது, சிவந்தால் கொட்டிவிட வேண்டும்.

நான் வேதியியல் படித்தவன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். உயிரைக் குடிக்கிற மெத்தனாலும் நீலமாகத்தான் எரியும் என்று எனக்குத் தெரியும்.

"நீலம் எரிஞ்சா மட்டும் நல்லதுன்னு சொல்ல முடியாது" என்று ஆரம்பித்தேன்.

"வந்துட்டாருடா பட்டதாரி!" என்றார் அவர் கணவர் சாகோ. "ஏம்ப்பா, உன் புஸ்தகத்துல பிட்டோரோவுக்கு எத்தனை பக்கம்?"

எனெய்டா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்த வீட்டில் நாக்கு என்றால் சாகோதான். ஒவ்வொரு பானையிலும் அரை டம்ளர் குடித்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் ஏறணும்" என்பார். அன்று மத்தியானத்திலிருந்து ஐந்து பானை. பொழுது சாய்வதற்குள் பத்தொன்பது பாட்டில்கள் பத்தொன்பது வீடுகளுக்குப் போய்விட்டன.

மறுநாள் விடியற்காலைப் பூசைக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போதே எனெய்டா வந்து கதவைத் தட்டினார்.

"தம்பி, வண்டிய எடு. அவரு வீட்டுக்குள்ள ஒரே பனியா இருக்குங்கறாரு. எனக்கு ஒரு பனியும் தெரியலடா."

வழி முழுக்க சாகோ பின் சீட்டில் வாந்தி எடுத்தார். கீழே டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேனைப் பற்றிக் கேட்டார், சாகோவின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு எனெய்டாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்னும் யாரு யாரு குடிச்சாங்க?"

எனெய்டா சாகோ படுத்திருந்த கட்டிலைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்மா, முதல்ல கண்ணு போகும். அப்புறம் ஆளே போயிடுவாங்க. சீக்கிரம் வந்தா காப்பாத்தலாம். யாரு குடிச்சாங்க?"

"ஊரே" என்றார் எனெய்டா.

சாகோவை அங்கேயே விட்டுவிட்டு மலையேறினோம். நான் போன் செய்த மூவரும் எடுக்கவில்லை, கோவிலுக்குப் புறப்பட்டிருப்பார்கள். வளைவில் கோவிலில் தாளம் போடும் சேயோ சுரைக்குடுக்கைத் தாளத்தை இடுக்கிக்கொண்டு நடந்து போய்க்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்தினேன்.

எனெய்டா கண்ணாடியை இறக்கினார். "சேயோ, நான் குடுத்த பாட்டில குடிக்காத. பால் திரிஞ்சு போச்சு."

"அடி போடி! ரம் ஊத்தின பால் எந்த ஊர்ல திரிஞ்சுது? குடுத்தத திரும்பப் பிடுங்கறியா? சாகோ பூராத்தையும் குடிச்சுத் தீத்துட்டானா?"

"சொன்னா கேளு."

"நாளைக்கு ராத்திரி பாட்டுக் கோஷ்டியோட உன் வீட்டு வாசல்லயே வந்து குடிக்கறேன், பாரு!" சிரித்துக்கொண்டே குறுக்கு வழியில் இறங்கிவிட்டார்.

எனெய்டா கண்ணாடியை ஏற்றவில்லை. குளிர்காற்று உள்ளே வந்தது.

"பொய் எடுபடாது அக்கா" என்றேன்.

"தெரியுது. வாய மூடிட்டு ஓட்டு."

கோவிலில் பூசை தொடங்கியிருந்தது. எல்லா டிசம்பர் விடியலையும் போலக் கிதாரும் தாளமும் பாட்டுமாக இருந்தது. எனெய்டா சமையல் துணியோடு நடுவழியில் நடந்து போனார். ஃபாதர் கையை உயர்த்தியபடியே நின்றுவிட்டார். பாட்டு ஒவ்வொரு குரலாக அடங்கியது. எனெய்டா வாசகம் படிக்கும் மைக்கைப் பிடித்தார்.

"நேத்து நான் குடுத்த கொக்கிட்டோவுல விஷம் இருக்கு. நான்தான் வாங்கினேன், நான்தான் கலந்தேன். சாகோவுக்குக் கண்ணு தெரியல. குடிச்சவங்க யாரா இருந்தாலும் இப்பவே எந்திரிங்க."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். விளையாட்டு என்று நினைத்திருப்பார்கள். எனெய்டா அசையாமல் நின்றார். சேயோவின் கையிலிருந்த தாளக்குச்சி தரையில் விழுந்தது. முதலில் ஒரு பெண் எழுந்தாள், பிறகு இரண்டு கிழவர்கள், பிறகு ஒரு வரிசை முழுக்க எழுந்து நின்றது.

எழுந்து நின்றவர்களை யாரும் பார்க்கவில்லை. எல்லாத் தலைகளும் காலியாக இருந்த இடங்கள் பக்கம் திரும்பின. வராதவர்களை ஊர் மொத்தமும் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தது.

"நில்சா, அப்டியேல் எங்க?" என்றார் எனெய்டா மைக்கிலேயே. அப்டியேல்தான் கோவிலுக்கு நரம்பு வாத்தியம் வாசிப்பவன். ஒரு விடியலும் தவறியதில்லை.

அவன் தாய் நில்சா எழுந்தாள். "தலைவலின்னு படுத்திருக்கான் அக்கா. எழுப்பினேன். லைட்டப் போடும்மான்னான். அவசரமா வந்துட்டேன்…"

அவள் கோவில் விளக்கை நிமிர்ந்து பார்த்தாள்.

"லைட்டு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு" என்றாள்.

எனெய்டா மைக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்.